சுவரில் ஒரு பெருக்கல் குறி

எங்கள் ஊரான மொரால்தாவிலிருந்து சான் கிர்சே சிற்றாலயத்துக்குப் போகும் நடைவழிக்கு வெள்ளையும் மஞ்சளுமாக இரட்டைக் கோடு போட்டவர் அபுந்தியோ. மிகுந்த கவனத்தோடு போட்டார். ஊர் எல்லையிலிருந்து ஓடைவரை பாதை நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். இரண்டு பக்கமும் இடுப்பளவு கல்சுவர். குருட்டுக் கழுதைகூட வழிதவற முடியாத இடம். அங்கே பத்தடிக்கு ஒரு குறி. ஓடையைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. அங்கே குறியே கிடையாது.

ஏன் என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது.

"அங்க எதுக்குக் குறி? வலது பக்கம் போனா கோவில். இடது பக்கம் போனா எங்க அக்கா வீடு. இதுல என்ன சந்தேகம்?"

"வெளியூர்க்காரங்களுக்கு அது உங்க அக்கா வீடுன்னு தெரியாதே, அபுந்தியோ."

"அக்காவைத் தெரியாட்டிப் போகட்டும். வீட்டைப் பார்த்தா வீடுன்னுகூடவா தெரியாது?"

நாற்பது வருடம் லாரி ஓட்டியவர் சொல்லும் பேச்சு இது. பன்றி ஏற்றிக்கொண்டு சரகோசா, உருளைக்கிழங்கோடு பில்பாவோ, ஒருமுறை எதையோ ஏற்றிக்கொண்டு லிஸ்பன்வரை போனவர். வழிகாட்டிப் பலகைகளை நம்பியே பிழைத்த மனிதருக்குப் பலகைகளைக் கண்டால் ஆகாது. வலென்சியாவில் ஒரு அம்புக்குறி அவரை ஒரே பாலத்தின் மேல் மூன்று முறை ஏற்றி இறக்கியதாம். ஓய்வுபெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, ஊர்ச் சபை "நடைவழிக்குக் கோடு போட ஆள் வேண்டும்" என்றபோது முதலில் கையைத் தூக்கியவர் அவர்தான். பலகைகள் தன்னை ஏமாற்றியதுபோல் இந்த ஊர் எவனையும் ஏமாற்றக் கூடாது என்றார். நாங்கள் கைதட்டினோம். தனக்கு எங்கே சந்தேகம் வருமோ அங்கே குறி போட வேண்டும் என்பது அவர் கொள்கை. சொந்த ஊரில் அவருக்குச் சந்தேகமே வராது என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஆக, சனி ஞாயிறுகளில் மத்ரீதிலிருந்தும் பில்பாவோவிலிருந்தும் வரும் நடைக்காரர்கள் பாதிப்பேர் ஓடையைத் தாண்டி, அகலமாகவும் சுத்தமாகவும் தெரிகிற இடது பாதையில் திரும்பி, அக்கா பசிலிசா வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு பதினோரு வருடம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் மழை. இன்னும் சரியாகச் சொன்னால், பெய்யாத மழை. சான் கிர்சே திருவிழாவன்று புனிதரின் சுரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடைக்கு அப்பால் கடைசி வீடுவரை பவனி போய்த் திரும்புவது வழக்கம். கடைசி வீடு பசிலிசாவுடையது. அந்த வருடம் பவனிக்குப் பொறுப்பு அபுந்தியோ. மேகம் கறுத்திருந்தது, சுரூபத்துக்கு அப்போதுதான் புதிதாகத் தங்கப்பூச்சு பூசியிருந்தார்கள். ஓடைக்கரையிலேயே பவனியைத் திருப்பிவிட்டார். அக்கா வாசலைக் கழுவி, மாடியில் அம்மாவின் பூவேலை போர்வையைத் தொங்கவிட்டு, கறுப்பு லேஸ் முக்காட்டோடு நின்றுகொண்டிருந்தார். தூரத்தில் பேண்டுச் சத்தம் கேட்டது, நெருங்கியது, பிறகு தேய்ந்துகொண்டே போயிற்று. அன்று ஒரு துளி விழவில்லை. விழுந்திருந்தால் மன்னித்திருப்பேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

பேசிக்கொள்ளவில்லை என்றால் ஒருவரையொருவர் தவிர்த்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் முப்பது பேர், தவிர்க்க இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரெமேயின் பாரில் ஆளுக்கொரு கோப்பை வெர்முத் மது வாங்கிக்கொண்டு கவுண்டரின் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் இவர். நடுவில் ரெமே. பேச்சு முழுக்க ரெமே வழியாகத்தான்.

"ரெமே, உன் வாடிக்கையாளர் ஒருத்தர் இருக்காரே, பெயிண்ட் நாத்தத்தோட, அவர்கிட்ட சொல்லு. நேத்து பில்பாவோலேர்ந்து ஒரு கூட்டம் என் வாசல்ல வந்து நின்னுது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோவில் இதுதானான்னு கேட்டு என் கோழிக்கூண்டைப் போட்டோ புடிச்சுது."

"அந்த அம்மாகிட்ட சொல்லு ரெமே, கோழிக்கூண்டு அதைவிடப் பழசுன்னு."

"கோழிக்கு இப்ப முட்டை வைக்க வெக்கமா இருக்காம்னு சொல்லு."

"வெக்கம் அந்த வீட்டுல கோழிக்காவது இருக்கேன்னு சொல்லு."

"நான் எதையும் சொல்லப்போறதில்லை" என்பாள் ரெமே, பொரித்த பன்றிக் கொழுப்புத் துண்டுகளைத் தட்டில் கொட்டியபடி. "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது. டாக்டரம்மாவே டெஸ்ட் பண்ணியிருக்காங்க."

பண்ணியிருக்கிறேன். மொத்த ஊரிலேயே நல்ல காது அந்த இரண்டு ஜோடிதான். இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு மருத்துவராக ஒரு வருடத்துக்கென்று வந்து, இங்கேயே தங்கிவிட்டதால் எனக்கு இந்த ஊரின் காதுகள், முட்டிகள், ரத்த அழுத்தங்கள் எல்லாம் பழக்கம்.

ரெமேயைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அவளிடத்தில்தான் வந்து நிற்கிறது. பார் ஊர்ச் சபைக்குச் சொந்தம். நடத்துவது அவள். ரொட்டி வருவது, தபால் வருவது, என் மருந்துப் பொட்டலங்கள் காத்திருப்பது எல்லாம் அங்கேதான். மனைவியை இழந்த அபுந்தியோ மதியச் சாப்பாடு சாப்பிடுவதும் அங்கேதான். வசந்தத்தில் ஒருநாள் அவள் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். நம் நடைவழி மாகாணத்தின் நடைவழிப் புத்தகத்தில் ஏறினால் அடுத்த குளிர்காலத்திலும் கடையைத் திறப்பாள். ஏறாவிட்டால் செப்டம்பரில் சோரியாவுக்குப் போய்த் தங்கையின் சலவைக் கடையில் சேர்ந்துவிடுவாள். முப்பது பேரை வைத்துக்கொண்டு காப்பி இயந்திரத்தைச் சுடவைக்கக்கூட முடியவில்லை என்றாள். அன்று அபுந்தியோ சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். மறுநாள் அந்த நேர்பாதையில் இன்னும் நாலு குறிகள் முளைத்திருந்தன.

புத்தகத்தில் ஏற வேண்டுமென்றால் ஒரு பரிசோதகர் நடந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூன் மாதம் நொயெமி என்ற இளம்பெண் வந்தாள். முதுகில் பை, கையில் இரண்டு கைத்தடி, முகத்தில் எதற்கும் அசையாத மரியாதை. வழிகாட்ட ஆள் வேண்டாம், தனியாகத்தான் நடக்க வேண்டும், அதுதான் சோதனையே என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றாள்.

வந்தபோது பாரில் எல்லோரும் சாப்பிட்டுக் காப்பியும் குடித்து முடித்திருந்தோம். கையில் ஒரு பொட்டலம் அக்ரூட், ஒரு பாட்டில் தேன்.

"சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்றாள் ரெமே.

"வேண்டாங்க. பூண்டு சூப்பு, ஆம்லெட், அப்புறம் சின்னக் கேக்கு. வேண்டாம்னு சொல்லச் சொல்ல வச்சிக்கிட்டே இருந்தாங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த அபுந்தியோ கண்ணை மூடிக்கொண்டார்.

நொயெமி நல்ல பெண். நேர்பாதையில் கோடுகள் மிக அழகாக இருக்கின்றன என்று பாராட்டினாள். அதன் பிறகு விஷயத்துக்கு வந்தாள். எல்லாப் பாதைகளுக்கும் ஒரே விதிதான்: பிரிவில் சரியான பக்கம் இரட்டைக் கோடு; தவறான பக்கம், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், வெள்ளையும் மஞ்சளும் குறுக்காக வெட்டிக்கொள்ளும் பெருக்கல் குறி. 'இந்த வழி இல்லை' என்று அர்த்தம். அங்கே மரமும் இல்லை, பெரிய கல்லும் இல்லை. இருப்பது ஒரே ஒரு சுவர்.

"ஓரத்து வீட்டுச் சுவர்ல போட்டுடுங்க. அவ்வளவுதான். ஆகஸ்ட்ல திரும்பி வந்து பார்க்கிறேன். மத்தபடி எனக்கு ஆட்சேபணையே இல்லை."

அவள் கார் கிளம்பிப் போனது. முதலில் ரெமேதான் பேசினாள்.

"ஒரு டப்பா பெயிண்ட்டு. ரெண்டு இழுப்பு."

"அது அவ வீட்டுச் சுவரு" என்றார் அபுந்தியோ.

"தெரியும்."

"சாமியை அந்த வாசலுக்குக் கொண்டுபோகலை. இப்ப அந்த வீட்டு மேலயே எக்ஸ் போட்டு, இந்தப் பக்கம் யாரும் போகாதீங்கன்னு எழுதணுமா?"

"அப்ப நான் சோரியாவுக்குப் போகவா?"

அபுந்தியோ எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஊரில் ஒரு மனிதரின் மௌனம் தனக்குச் சரியான இடத்துக்குத் தானே போய்ச் சேரும். அன்று சாயங்காலத்துக்குள் பெருக்கல் குறி விவகாரம் அக்காவின் காதுக்கு எட்டியிருந்தது.

ரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கில் மறுநாள் நான் போனேன். பல நாளாக அந்தப் பக்கம் போகவில்லை. வாசலில் அக்ரூட் மரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாற்காலிகள்: சமையலறையுடையது ஒன்று, கால் உடைந்து கட்டுப்போட்டது ஒன்று, கோவிலிலிருந்து எப்போதோ வந்து திரும்பிப் போகாத ஒன்று. மண்கூஜாவில் தண்ணீர், மேலே பூப்போட்ட துணி. அது புதன்கிழமை, யாரும் வரமாட்டார்கள். ஆனாலும் துணி துவைத்ததாக இருந்தது.

"சும்மா கெடக்கட்டுமேன்னு போட்டேன்" என்றார் அக்கா, நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"தொந்தரவா இருக்குன்னு பார்ல சொன்னீங்களே."

"தொந்தரவுதான். ஷூ காலோட வந்து நிக்கறாங்க. கோழிக்குப் பேர் என்னன்னு கேக்கறாங்க. கோழிக்கு யாராவது பேர் வைப்பாங்களா? இப்ப வச்சிருக்கேன், என்ன பண்றது." கையை நீட்டினார். பட்டையைச் சுற்றினேன். "வழிதவறித்தான் வர்றாங்க டாக்டரே. அதுக்காக நின்ன வாக்குல திருப்பி அனுப்ப முடியுமா? ஒரு பொண்ணு வந்துச்சு, புர்கோஸ்காரி, என் சூப்புல பூண்டு கம்மின்னு சொல்லிச்சு. என் வாசல்ல உக்காந்துகிட்டு! நல்ல பொண்ணு."

"உங்க தம்பி இன்னும் பெயிண்டைத் தொடலை."

"சனிக்கிழமை காலையில நான் தலை சீவிக்கறேன்" என்றார், நான் தம்பியைப் பற்றி எதுவும் சொல்லாததுபோல. "கண்ணாடியைப் பார்த்துச் சீவி, கொண்டை போட்டு, ஊசி குத்தி. இவ்வளவு வருஷமா யாரு வர்றான்னு சீவினேன்? சரி, அது கெடக்கட்டும். அவன்கிட்ட சொல்லுங்க. எக்ஸ் போடணும்னா போடட்டும். போட்டுட்டு, அதுக்கு என்ன அர்த்தம்னு என் எதிர்ல நின்னு அவன் வாயால சொல்லட்டும்."

அழுத்தம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. நான் உப்பைக் குறைக்கச் சொன்னேன். அவர் எனக்கு உப்பு அதிகமான பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பினார்.

தூது போவது ரெமேயின் வேலை, என்னுடையதல்ல. ஆனாலும் போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அபுந்தியோ வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். எக்ஸ், சுவர், வாயால் சொல்வது எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"தலை சீவிக்கறாளா?" என்றார்.

"சனிக்கிழமைன்னா."

"கொண்டை போட்டா?"

"ஊசி குத்தி."

அவர் தூரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அம்மாவும் அப்படித்தான்" என்று மட்டும் சொன்னார். மறுபடி கழுவத் தொடங்கினார், ஏற்கெனவே கழுவிய தூரிகையை.

ஜூலையில் ஒரு நாள், ஊரே சாப்பிட்டுவிட்டு ஜன்னலை அடைத்துப் படுத்திருக்கும் நேரத்தில், இரண்டு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு அபுந்தியோ ஓடைப்பக்கம் போனார். படுத்திருக்கும் ஊர் என்றுதான் சொன்னேன். தூங்கும் ஊர் என்று சொல்லவில்லை. அவர் போன வழியில் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு விரல் அகலம் திறந்தது. ரெமே கடையைச் சாத்தாமலே கிளம்பினாள். வெயிலில் அவருக்கு மயக்கம் வந்தால் ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். எங்களுக்கு அவ்வளவு அக்கறை.

அவர் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு தூரிகையை வெள்ளையில் முக்கி ஒரு கோடு இழுத்தார். குறுக்காக இல்லை, படுக்கையாக. அதன் கீழே மஞ்சளில் இன்னொன்று.

"கோணல்" என்றது ஒரு குரல்.

அக்கா வாசல் கதவருகே நின்றிருந்தார். பதினோரு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அது.

"சுவர் கோணல்" என்றார் தம்பி, திரும்பாமல்.

"சுவர் அப்பா கட்டினது."

"அப்பாவும் லேசாக் கோணல்தான்."

அக்கா அதை யோசித்துப் பார்த்தார். "அது என்னமோ வாஸ்தவம்" என்றார். பிறகு, "இது எக்ஸ் இல்லையே."

"இல்லை."

"பின்ன?"

"இதுதான் வழின்னு அர்த்தம்."

"எது வழி? இது என் வீடுடா."

"வீட்டு வழியாத்தான். வாசல்ல நுழைஞ்சு, கோழிக்கூண்டு ஓரமாப் போய், பின்னாடி ஆட்டுத்தடத்துல ஏறினா கோவில் பின்பக்கம் வருமில்ல?"

"அந்தத் தடத்துல முள்ளு மண்டி எத்தனை காலமாச்சு!"

"வெட்டணும்."

"யாரு?"

"யாரு இருக்கா? நீயும் நானும்தான்."

"எனக்கு எழுபத்தி நாலு."

"உன் வயசை நான் கேட்கலை, லிசா. அரிவாள் இருக்கான்னுதான் கேட்கிறேன்."

"அரிவாள் அப்புறம். என் வாசல் வழியா ஊரை நடக்கவிட என்கிட்ட அனுமதி கேட்டியா?"

அவர் பழக்க தோஷத்தில் எங்கள் பக்கம் திரும்பினார். "ரெமே, அந்த அம்மாகிட்ட கேளு, ஜனங்க இந்தப் பக்கமாப் போக..."

"நான் இங்க இல்லை" என்றாள் ரெமே. "டாக்டரும் இல்லை."

அபுந்தியோ தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"லிசா, ஜனங்க உன் வாசல் வழியாப் போகலாமா?"

"போகட்டும்" என்றார் அக்கா. "கோழியைத் துரத்தக் கூடாது. இன்னொரு விஷயம். அந்த மழை."

"பெய்யலை" என்றார் தம்பி. "ஒரு சொட்டுப் பெய்யலை. எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் மன்னிப்பு. இதைவிட நீளமான மன்னிப்பை இந்த ஊரில் நான் கேட்டதில்லை.

முள்வெட்ட அந்த மாதம் முழுக்க ஆயிற்று. சமாதானம் ஆனபிறகுதான் இருவரும் ஒழுங்காகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். நடுவில் ஆள் இல்லாததால் வேகமாகவும் போட்டார்கள். எந்தப் புதரை முதலில் வெட்டுவது, யார் அரிவாள் மொட்டை, அப்பா இந்தத் தடத்தில் ஆடு ஓட்டினாரா மாடு ஓட்டினாரா. எனக்கு வேலை அதிகரித்தது: அவருக்கு இடுப்பு, அக்காவுக்கு உள்ளங்கை. ஆனால் தடம் திறந்தபோது ஒன்று தெரிந்தது. பழைய வழியில் போனால் மலை இடுக்கைக் கீழிருந்து பார்ப்போம். பாறுக் கழுகுகள் தலைக்குமேல் வெறும் புள்ளிகள். ஆட்டுத்தடம் விளிம்பிலேயே போகிறது. அங்கே நின்றால் பாறுகள் நம் காலடிக்குக் கீழே வட்டமிடும். விரித்த இறக்கையின் முதுகுப்பக்கம், அந்தத் தவிட்டு நிறம், தெரியும். பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவர்களில் பலர் அதைப் பார்த்ததில்லை. நானும்தான்.

ஆகஸ்டில் நொயெமி திரும்பி வந்தாள். பெருக்கல் குறியைத் தேடினாள். இல்லை. கோட்டைப் பின்பற்றினாள், அது அவளை நேராகப் பூண்டு சூப்பில் கொண்டுபோய் விட்டது. அதற்கப்புறம் தடத்தில் ஏறினாள். நாங்கள் எல்லோரும் பாரில் உட்கார்ந்து காத்திருந்தோம். ரெமே ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நொயெமி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பாதை முன்னைவிட நீளம், இரண்டு இடத்தில் ஏற்றம் கடுமை, ஒரு கைப்பிடிக் கயிறு வேண்டும் என்றாள். அபுந்தியோவின் முகம் விழுந்தது. பாறுகளை அப்படி மேலிருந்து இந்த மாகாணத்தில் எந்தப் பாதையிலும் பார்த்ததில்லை, கயிற்றைக் கட்டிவிட்டால் புத்தகத்தில் போட்டுவிடலாம் என்றாள். ரெமே துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் தங்கையிடம் தொலைபேசியில் கத்திப் பேசுவது எங்களுக்குக் கேட்டது. சலவைக் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிச்சம் ஒரு பலகைதான். ஊர் முகப்பில் வைப்பதற்கு. கோவிலுக்கு எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும்.

"ஒரு மணி நேரம்" என்றாள் நொயெமி. "நான் நடந்து பார்த்தேன்."

"ரெண்டு" என்றார் பசிலிசா அக்கா.

"நடக்கிற நேரத்தை மட்டும்தான் எழுதணும்மா. உட்கார்ற நேரம் சேராது. விதி அப்படி."

"உக்காராம எப்படிப் போவாங்க மகளே? நீயே ரெண்டு தடவையும் உக்காந்தியே."

நொயெமி உதவிக்காக அபுந்தியோவைப் பார்த்தாள். எழுதப்போவது அவர்தான். அவர் பலகையையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நான் லாரி ஓட்டின காலத்துல" என்றார் நிதானமாக, "பில்பாவோவுக்கு எவ்வளவு நேரம்னு யாராவது கேட்டா, சாப்பிட நிறுத்தற நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்லுவேன். இல்லாட்டி அது பொய்க்கணக்கு."

பலகையில் இரண்டு மணி நேரம் என்றுதான் எழுதியிருக்கிறது. அதைவிடச் சீக்கிரமாகப் போய்ச் சேருகிற நடைக்காரர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பசிலிசா அக்காவுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.